அவர் வேண்டிக்கொண்டார், கை என்னுடையது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முறுக்கு டின் காலியாவதற்குள், ஜொகூர் பாருவில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் என் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று தொடங்கி அடுத்த சித்ரா பௌர்ணமி வரை எங்கள் வீட்டில் நடந்த கூத்தைத்தான் சொல்லப் போகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நடுவில் ஒரே ஒரு நாளை நினைத்தால் மட்டும் வராது.

நான் கூலாயில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வேன் ஓட்டினால் தோள் கெடுமா என்று கேட்பீர்கள். ஓட்டினால் கெடாது, கதவு கெடுக்கும். என் வேனுக்குப் பக்கவாட்டில் இழுத்துச் சாத்துகிற கதவு. வேனுக்கு வயதாக வயதாக அந்தக் கதவுக்குப் பிடிவாதமும் ஏறிவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, இருக்கையில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, ஒரே இழுப்பாக இழுத்துச் சாத்துவேன். வருடக்கணக்கில் அப்படித்தான். ஒரு மழைக்காலக் காலையில் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. விடுவேனா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கதவு சாத்திக்கொண்டது, என் தோளுக்குள் ஏதோ பிரிந்துகொண்டது.

தோளைச் சுற்றியிருக்கும் தசைநாரில் ஒன்று எலும்பைவிட்டுக் கிழிந்து விலகிவிட்டது, அதைத் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வேனை என் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மயக்கம் தெளிந்தபோது வலது கை என்னுடையதாகவே இல்லை. மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். கழுத்தில் மாட்டிய பட்டையில் யாருடைய கையோ தொங்குவது போலிருந்தது. கட்டிலருகே என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். வாழ்நாள் முழுக்க ‘டார்கெட்’, ‘ஓட்டி’ என்று ஓவர்டைம் கணக்கிலேயே மூச்சுவிடும் மனிதர். கோயிலுக்கு அன்னதானம் இருக்கிற நாளில் மட்டும் தவறாமல் வருவார். அப்படிப்பட்டவர் அன்று நெற்றி நிறைய விபூதியோடு நின்றதைப் பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது.

“உனக்கு நல்லபடியா ஆகணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேம்மா. பால்குடம்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் எனக்காக ஒன்று வேண்டிக்கொண்டாரே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

“எப்பங்க எடுக்கப் போறீங்க?”

“நான் இல்லம்மா. நீ.”

“நானா?”

“கை உன்னோடதுதானே? வர்ற தைப்பூசத்துக்கு நீ பால்குடம் எடுக்கிறதா சொல்லிட்டேன். ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு. அப்பதானே கை சரியாயிடுச்சுன்னு அவருக்கும் தெரியும்?”

“அலமாக், ஐயோ! தேதியெல்லாம் எதுக்குங்க சொன்னீங்க?”

தேதி சொல்லாமல் எப்படி வேண்டிக்கொள்வது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். தொழிற்சாலையில் இருபது முப்பது வருடம் கிடந்தால் இப்படித்தான். டெலிவரி தேதி இல்லாத ஆர்டரை அவர் சாமியிடம்கூட எடுக்க மாட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளமாக வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா, கட்டிலிலிருந்து இறங்கி இடது கையால் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.

ஆனால் வேண்டுதல் வேண்டுதல்தான். அதில் எனக்கு விளையாட்டு கிடையாது. வாயால் சொன்னதை முருகன் கேட்டுவிட்டார், அப்புறம் அதை இல்லையென்று சொல்ல நாம் யார்? அதனால் தைப்பூசம் என்ற ஒரு சொல் அன்றே எங்கள் இருவர் தலைமேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் சில வாரங்கள் கையை அசைக்கவே கூடாது. பகலும் இரவும் பட்டையிலேயே தொங்கும். தொளதொளவென்ற கஃப்தான் அங்கிதான் என் தேசிய உடை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். என் கணவர் எனக்குத் தலை வாரிவிட்டார் பாருங்கள், அதற்கே அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். சடை பின்னத் தெரியாது. கம்பிகளைக் கட்டுகிற மாதிரி முடியை மொத்தமாகப் பிடித்து ரப்பர் வளையத்தைப் போட்டு முறுக்குவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என் தலையைப் பார்த்து, வீட்டில் எலித் தொல்லையா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். சமையலும் அவர்தான். சாம்பாருக்கு உப்பு போடும்போதெல்லாம் கரண்டியோடு ஓடிவந்து என் வாயில் ஊற்றுவார்.

பிறகு பிசியோவுக்கு வரச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தவர் ஒரு மலாய்க்காரப் பெண். சின்ன வயது, சிரித்த முகம். பேச்செல்லாம் மலாயில்தான், நான் இங்கே நம் பேச்சில் சொல்கிறேன். என்னைப் ‘புவான்’ என்றும் என் கணவரை ‘என்சிக்’ என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார். ஆனால் கை வைத்தால் மரியாதையெல்லாம் பார்க்க மாட்டார்.

மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து நின்று, வலது கையைத் தொங்கவிட்டு, மாவு கிண்டுகிற மாதிரி சின்னச் சின்ன வட்டம் போட வேண்டும். முதல் பயிற்சி அதுதான். பட்டையைக் கழற்றிய பிறகு, மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கை கெட்ட கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வியர்க்கக்கூட இல்லை.

“பெலான்-பெலான், புவான்” என்பார் அந்தப் பெண். மெதுவாக, மெதுவாக. “தைச்ச நூல்தான் இப்ப தாங்கிக்கிட்டு இருக்கு. சதை எலும்போட ஒட்டுறது உள்ளே நடக்கிற வேலை. அதை நாம அவசரப்படுத்த முடியாது.”

நான் தலையாட்டினேன். என் பின்னால் நின்ற என் கணவரும் தலையாட்டினார். அவர் தலையாட்டிய விதத்திலேயே நான் கண்டுகொண்டிருக்க வேண்டும். புது சூப்பர்வைசர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, தன் லைனில் தன் இஷ்டப்படி ஓட்டுகிறவனின் தலையாட்டல் அது.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டி ஆரம்பமாகிவிட்டது. அந்தப் பெண் காலை, மாலை செய்யச் சொன்னதை இவர் காலை, மதியம், மாலை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று ஆக்கினார். வேலையிலிருந்து போன் செய்து, ‘என்னம்மா, ஒரு ரவுண்டு ஆச்சா?’ என்பார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று ஒரு பழமொழி கையில் வைத்திருந்தார், எந்நேரமும் அதைத்தான் சுழற்றுவார். நான் வலிக்கிறது என்றால், வலித்தால்தானே வேலை நடக்கிறது என்று அர்த்தம் என்பார். நானும் அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் தைப்பூசம் கண்ணில் நின்றது. குச்சியோடு கை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக ஏற ஏற, எனக்கும் ருசி கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டது.

தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு விடுமுறை நாள். எழுந்ததிலிருந்தே தோள் பஞ்சு மாதிரி இருந்தது. இதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவரிடம் சொன்னேன். உடனே அவர் ஸ்டோர் அறைக்குப் போய், எங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தைத் தூசி தட்டி எடுத்துவந்தார். ‘வெறும் குடம்தானே, ஒரு டிரயல் பார்ப்போம்’ என்றார்.

துண்டைச் சுருட்டி என் தலையில் வைத்து, அதன்மேல் குடத்தை வைத்தார். இடது கை போய்ப் பிடித்துக்கொண்டது. வலது கையை முழங்கைக்குக் கீழே தாங்கி அவரே மெல்ல ஏற்றினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றி ஏற்றி, என் விரல் குடத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டது! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது. அவர் ‘வேல் வேல்!’ என்று கத்தினார். கத்திவிட்டு, இதைப் படம் எடுத்து என் தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

“அப்படியே பிடிச்சிருலா, போன் எடுத்துட்டு வந்துடுறேன்!”

போன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. நான் தனியாக, தாங்க ஆளில்லாத கையைக் குடத்தில் வைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்றேன். ஏன் இறக்கவில்லை என்று கேட்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமே! கை நடுங்க ஆரம்பித்தது. அவர் அங்கிருந்து, வந்துட்டேன் வந்துட்டேன் என்றார். தோளுக்குள் கத்தியைவிட்டுத் திருகியது போல ஒன்று பாய்ந்தது. குடம் டங்கென்று விழுந்து, உருண்டு, வாசல் படி இறங்கிக் கார் நிற்கும் இடம் வரை போய் நின்றது. அவர் போனோடு ஓடிவந்தபோது நான் தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

நேற்றுவரை ஏறிய உயரத்துக்குக்கூட அந்தக் கை ஏறவில்லை. இடுப்பைவிட்டு விலக மறுத்தது. அன்று எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வேன்? தைத்தது பிய்ந்துபோனால் மறுபடி தைத்தாலும் முன்போல் வராது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அப்படியானால் வேன் போயிற்று. தலை வாருவது, துணி காயப்போடுவது, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பா எடுப்பது எல்லாம் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். நாங்கள் முருகனைப் பிடிக்கப்போய் இப்படி ஆக்கிவைத்திருந்தோம்.

மறுநாள் காலை மருத்துவமனையில் போய் நின்றோம். பிசியோ பெண் என் முகத்தைப் பார்த்ததுமே என்னை உட்காரவைத்தார். கையை அப்படி இப்படி மெல்ல அசைத்துப் பார்த்தார். மருத்துவரை வரவழைத்தார். ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பார்க்கவே பாவமாக இருந்ததால், நானே பேச்சுக் கொடுத்தேன்.

“இந்தத் தடவை ஒண்ணும் வேண்டிக்கலையா?”

“வேணாம்மா. நான் வாயைத் திறந்தாலே உனக்குத்தான் வேலை வைக்குது” என்றார். நான் இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நல்ல காலம், தைத்தது பிய்யவில்லை. அளவுக்கு மீறி வேலை வாங்கியதில் தோள் உள்ளே வீங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான் என்று மருத்துவர் சொன்னார். அந்த நிமிடம் அந்த மருத்துவரைக் கட்டிப்பிடித்திருப்பேன், ஒரு கையால் கட்டிப்பிடித்தால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

பிசியோ பெண் எங்களை உட்காரவைத்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் கணவர் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, வேண்டுதல், தைப்பூசம், குடம், ஓட்டி, போன் சார்ஜ் எல்லாவற்றையும் தன் தொழிற்சாலை மலாயில் ஒப்பித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“நசாரா?” என்றார். அவர்கள் வழக்கத்திலும் வேண்டுதல் உண்டு, அதற்கு நசார் என்று பேர். “நசார்னா செஞ்சுதான் ஆகணும். முன்னாடியே ஏன் புவான் சொல்லல? சொல்லியிருந்தா அதுக்குத் தகுந்த மாதிரிதானே பயிற்சி கொடுத்திருப்பேன்?”

இது நம் சாமி விஷயம், அவரிடம் போய் எதற்கு என்று நினைத்து நாங்கள் இருவருமே மூச்சுவிடவில்லை. அவரோ குடம் எவ்வளவு கனம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், கை முழு நேரமும் மேலேதான் இருக்க வேண்டுமா, கூட்டத்தில் இடிப்பார்களா என்று அக்கறையாக விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தைப்பூசத்துக்கு முடியாது என்று தலையை ஆட்டினார். உங்கள் சாமிக்கு வேறு நாளே கிடையாதா என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய் எங்கள் கோயில் குருக்களிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். “ஏம்மா, முருகனுக்கு வருஷத்துல ஒரே நாள்தானா? பங்குனி உத்திரம் இருக்கு, சித்ரா பௌர்ணமி இருக்கு, வைகாசி விசாகம் இருக்கு. மஞ்சத் துணியில ஒரு காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிருங்க. மறக்கலைன்னு அவருக்குத் தெரியும்” என்றார். எனக்குத் தோளிலிருந்து ஒரு குடம் இறங்கின மாதிரி இருந்தது.

என் கணவருக்கு மட்டும் இறங்கவில்லை. தேதி சொன்னது தான்தானே என்று அவருக்கு உறுத்தல். முழு ஆர்டர் முடியவில்லை என்றால் முடிந்த மட்டும் முதலில் அனுப்பிவைப்பதுதான் தொழில் முறை என்று சொல்லி, அந்தத் தைப்பூசத்துக்குத் தானே பால்குடம் எடுப்பதாக அறிவித்தார். நான் தடுக்கவில்லை. விரதம் இருந்தார், மஞ்சள் வேட்டி கட்டினார். குடம் முழுக்கப் பாலை நிரப்பச் சொன்னார். பாதி போதுமே என்று எல்லோரும் சொன்னோம். பாதி வேலை அவருக்குப் பிடிக்காது.

உறுமி மேளம் காதைப் பிளக்க, இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். நான் பக்கத்திலேயே, பாதுகாப்புக்குப் பட்டையில் கையை மாட்டிக்கொண்டு நடந்தேன். தொடக்கத்தில் வீரநடை. தண்ணீர்ப் பந்தல் தாண்டியதும் முகம் மாறியது. கோயில் கோபுரம் தெரியும்போது அவர் கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. கண்ணில் நீர் வந்தது பக்தியிலா வலியிலா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இறக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அபிஷேகம் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துபோனது.

மறுநாள் காலையில்தான் வேடிக்கை. குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். டீ-சட்டையைக் கழற்றக் கை தூக்க முடியவில்லை, பாதியில் சிக்கிக்கொண்டு தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது! நான் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று பிசியோ பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

“ரெண்டு கையும் வலிக்குதே, எதைம்மா முதல்ல நுழைக்கிறது?” என்றார் பரிதாபமாக.

“ஒரு ரவுண்டு ஓட்டி செய்யுங்க, சரியாயிடும்” என்றேன்.

அன்று நாள் முழுக்க அவருக்கு நான் ஒரு கையால் தைலம் தேய்த்தேன். சாயங்காலம், சும்மா இருந்தவர் திடீரென்று, “கையை மேலே வச்சிக்கிட்டு நிக்கிறது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதும்மா” என்றார். நான் இன்னும் கொஞ்சம் தைலத்தை எடுத்து அவர் தோளில் தேய்த்தேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு பிசியோ பெண் ஒரு வேலை செய்தார். என் கணவரைக் கூப்பிட்டு, உங்கள் லைனில் இயந்திரத்தை நிறுத்தும் பட்டன் யார் பொறுப்பு என்று கேட்டார். என் பொறுப்புத்தான் என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். “அப்ப இங்கேயும் அதுதான் உங்க வேலை, என்சிக். செய்யச் சொல்றது என் வேலை. நிறுத்தச் சொல்றது உங்க வேலை. வலி வந்த பிறகு நிறுத்தினா லேட். வர்றதுக்கு முன்னாடி நிறுத்தணும்” என்றார். என்னிடம், “தோள் ரொம்ப நல்லா இருக்கிற நாள்லதான் புவான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். இன்னைக்கு முடியும்னு எல்லாத்தையும் இன்னைக்கே செஞ்சிடாதீங்க” என்றார்.

எனக்கு இது சுலபமாக வரவில்லை. நல்ல நாளில் நிறுத்துவது என்பது நல்ல சாப்பாட்டில் பாதியில் எழுந்திருப்பது மாதிரி. செய்ய முடிகிறதே, இன்னும் கொஞ்சம் செய்தால் என்ன என்று மனசு கிடந்து அரிக்கும். அப்போதெல்லாம் என் கணவர், லைன் நிறுத்து என்பது போலக் கையைத் தூக்கிக்காட்டுவார். அவர் என் நெற்றிச் சுருக்கத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார். வலது புருவம் லேசாக மேலே போனால் அடுத்தது வலி என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நட்ட கன்று வேர்விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தவர்கள் நாங்கள். இப்போது தண்ணீர் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டோம்.

பிசியோ பெண் சொல்லி நாங்கள் குடத்தையே பயிற்சிக்குக் கொண்டுபோனோம். பித்தளைக் குடத்தைப் பார்த்து மற்ற நோயாளிகள் இங்கே என்ன பூஜையா என்று பார்த்தார்கள். முதலில் குடமே இல்லாமல், சுவரில் விரலால் ஏறுவது. பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது. அப்புறம் வெறும் குடத்தைத் தொட்டுவிட்டு இறக்குவது. எல்லாம் ஆமை வேகம்தான். சில வாரம் ஒன்றுமே முன்னேறாத மாதிரி இருக்கும். அந்த வாரங்களில்கூட இரவு தூக்கம் நன்றாக வந்தது, பின்பக்கம் கொக்கி மாட்ட முடிந்தது. அதையெல்லாம் நானே கவனிக்காமல் விட்டு, அப்புறம் ஒரு நாள் கவனித்துச் சந்தோஷப்பட்டேன்.

பங்குனி உத்திரம் வந்தபோது என் கை தலைக்கு மேல் வலியில்லாமல் போய்வந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. இதோ முடிகிறதே, எடுத்துவிடலாமே என்றேன். பிசியோ பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் முந்திக்கொண்டார். “வேணாம். இன்னும் கனம் தாங்கிப் பழகலை. சித்ரா பௌர்ணமிக்குப் பார்த்துக்கலாம்” என்றார். டார்கெட் மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தை! அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சித்ரா பௌர்ணமியன்று மஞ்சள் சேலை கட்டி, பாதிக்கும் குறைவாகப் பால் ஊற்றிய குடத்தோடு, எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினேன். முருகன் கோயிலுக்கு அங்கிருந்து அதிகத் தூரமில்லை. இரண்டு கையும் குடத்தில் இருந்தன. வலது கை, சொன்ன பேச்சைக் கேட்டு, தானாகவே மேலே நின்றது. சாலை ஓரத்தில் என் வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் நின்று கும்பிட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பாதி வழியில் வலது தோள் கனக்க ஆரம்பித்தது. வலி இல்லை, வலிக்கு முந்தியது. ரெண்டு கையாலும் என்று வேண்டியாயிற்றே, இன்னும் கொஞ்சம்தானே, கோயில் அதோ தெரிகிறதே என்று பல்லைக் கடித்தேன். பக்கத்தில் நடந்துவந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

“வலது கையை இறக்கும்மா.”

“வேண்டுதலுங்க. ரெண்டு கையாலயும்னு சொல்லியிருக்கீங்க.”

“சொன்னவன் நான்தானே? நீ இறக்கு. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

இறக்கினேன். குடம் தலைமேல் இடது கைப் பிடியில் பத்திரமாக இருந்தது. வலது கையைத் தொங்கவிட்டுச் சற்றுத் தூரம் நடந்தேன். பின்னால் வந்த மேளக்காரர்கள் எங்களுக்காக நடையைத் தளர்த்திக்கொண்டார்கள். பக்கத்தில் இவர் உதடு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முருகனிடம் என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. தோள் லேசானதும் கையை மறுபடி ஏற்றினேன். கோயில் வாசலுக்குள் நுழையும்போது இரண்டு கையும் குடத்தில் இருந்தன.

இப்போது வேனைத் திரும்ப நான்தான் ஓட்டுகிறேன். கதவைச் சாத்த இறங்கித்தான் ஏறுகிறேன், பின்னால் யார் ஹார்ன் அடித்தாலும் சரி. பாதி வழியில் கையை இறக்கியதால் என் பால்குடம் குறைப்பட்டுப்போனது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. கட்டின மனுஷன் ‘போதும், இறக்கு’ என்று சொல்ல, நானும் கூச்சமில்லாமல் இறக்கிய அந்தக் கொஞ்ச தூரம்தான், முருகனுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முழு மனதோடு நடந்த தூரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.